நடுவர் ‘ஒழுங்கா விளையாடு’ என்று சொல்லலாமா?

கதிரைக்காரன் (கேள்வி)

போன சனிக்கிழமை நடந்த ஒரு விஷயம் இன்னும் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. இங்கே டென்னிஸ் தெரிந்தவர்கள் நாலு பேராவது இருப்பீர்கள் என்பதால் கேட்கிறேன்.

நான் படித்துப் பட்டம் வாங்கிய நடுவர் இல்லை. திருகோணமலை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். மகளை டென்னிஸ் பழக ஏற்றி இறக்கப் போன இடத்தில், “சும்மாதானே நிக்கிறீங்கள், ஏறி இருங்கோ” என்று ஒருநாள் பிடித்து இருத்தினார்கள். நாலு வருஷமாகிவிட்டது, இன்னும் இறங்கவில்லை. எங்களிடம் உயரக் கதிரை கிடையாது. பாடசாலை மேசை ஒன்றின் மேல் பிளாஸ்டிக் கதிரை. நழுவாமல் இருக்க நாலு காலையும் பழைய சைக்கிள் ரியூப்பால் மேசையோடு கட்டியிருக்கிறார்கள். அசைந்தால் மேசை முனகும். விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் நான் இரண்டு மணித்தியாலமும் ஆடாமல் அசையாமல் இருப்பேன். சரியான கண்டிப்பான ஆள் என்று பொடியள் நினைத்துக்கொள்கிறார்கள்.

அன்று பதினைந்து வயதுப் பொடியன்கள் இரண்டு பேருக்கு மாட்ச். ஒருவன் நிலாவெளிப் பக்கம், மற்றவன் டவுன். தொடங்கும்போதே பதினொரு மணி. கச்சான் காற்று வேறு. (வெளியூர்க்காரருக்கு: நாங்கள் கொறிக்கிற கச்சான் இல்லை, மேற்கிலிருந்து தணல் மாதிரி அடிக்கிற காற்று.) முதல் செற்றை நிலாவெளிப் பொடியன் 6–4 என்று எடுத்தான். அதற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. இரண்டாவது செற்றில் 0–4. அதற்குப் பிறகு அவன் விளையாடவே இல்லை. சேர்விஸை ஏனோதானோ என்று தட்டினான். டபிள் ஃபோல்ட் (இரண்டு சேர்விஸும் பிழைத்துப் பொயின்ற் போவது) மூன்று. எதிர்ப் பொடியன் ஓரத்தில் ஒரு பந்து போட்டான், எட்டாத பந்து இல்லை, நாலு எட்டு வைத்தால் போதும். இவன் நின்ற இடத்திலேயே நின்று, தன்னுடைய பஸ் இல்லை என்று தெரிந்தவன் பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி அந்தப் பந்து போவதைப் பார்த்தான்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மேலே இருந்தபடி சொன்னேன்: “தம்பி, விளையாட மனமில்லாட்டில் சொல்லுங்கோ. முடிச்சுப்போட்டு எல்லாரும் சோறு தின்னப் போவம்.”

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பொடியன் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் ஓடினான். விழுந்து முழங்கால் உரசிக்கொண்டு ஓடினான். செற் 3–6 என்று முடிந்தது. மூன்றாவது செற்றில் 1–6. தோற்றுவிட்டான். எதிர்ப் பொடியனின் தகப்பன் வந்து கை கொடுத்து, “நல்ல நேரத்தில சொன்னீங்கள் சேர், பொடியன் பிறகெண்டாலும் ஓடினான்” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பந்து பொறுக்கப் போட்டிருந்த என் மகள்தான் மோட்டார் சைக்கிளில் வரும்போது முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னாள்: “அப்பா, நீங்கள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.”

ஏன் என்றேன். “சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.” பன்னிரண்டு வயதில் அதற்கு மேல் விளக்கம் தரமாட்டார்கள்.

2018 யு.எஸ். ஓப்பனில் லஹ்யானி என்ற நடுவர் கதிரையை விட்டு இறங்கி வந்து, மனமில்லாமல் விளையாடிக்கொண்டிருந்த கிரியோஸ் என்ற ஆட்டக்காரரிடம் கதைத்ததை டிவியில் பார்த்து, ‘என்ன நல்ல மனிசன்’ என்று நினைத்தவன் நான். அப்படியானால் நான் செய்ததும் சரிதானே? ஒருவன் மனமில்லாமல் விளையாடுகிறான் என்று கண்ணால் கண்டால், நடுவர் அதைச் சொல்லலாமா, வாயை மூடிக்கொண்டு புள்ளியை மட்டும் சொல்ல வேண்டுமா?

பேஸ்லைன்_திருமலை

அண்ணை, லஹ்யானியை உதாரணம் காட்டினால் உங்களுக்குத்தான் பாதகம். அந்தக் கதையின் பின்பாதியை நீங்கள் பார்க்கவில்லை போல.

அது இரண்டாம் சுற்று, கிரியோஸுக்கு எதிரில் பிரான்ஸின் ஹெர்பேர். கிரியோஸ் முதல் செற்றை 4–6 என்று விட்டு, இரண்டாவதில் 0–3. அப்போதுதான் லஹ்யானி இறங்கிப் போய்க் குனிந்து, உனக்கு உதவி செய்ய விரும்புகிறேன், இது நீ இல்லை என்ற மாதிரிக் கதைத்தார். அதற்குப் பிறகு கிரியோஸ் 4–6, 7–6, 6–3, 6–0 என்று வென்றுவிட்டார். இப்போது நீங்கள் ஹெர்பேரின் இடத்தில் நின்று பாருங்கள். எதிராளி தானாகவே விழுந்துகொண்டிருக்கிறான், நடுவர் போய்த் தூக்கி நிறுத்துகிறார். சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்றுதான் இறங்கினார், சுகமில்லையோ என்று விசாரித்தார் என்றெல்லாம் போட்டி நடத்தியவர்கள் முதலில் சமாளித்தார்கள். ஆனால் ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்துகிற ஏ.டி.பி. அவரை பீஜிங், ஷாங்காய் என்று இரண்டு போட்டிகளுக்குச் சம்பளமில்லாமல் நிறுத்தி வைத்தது. லஹ்யானி சின்ன ஆளும் இல்லை. 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹுவும் 11 மணித்தியாலம் 5 நிமிடம் விளையாடிய அந்த மாட்சில் கதிரையில் இருந்தவர் அவர்தான். (உங்கட மேசை அதைத் தாங்கியிராது.)

மற்றது, நடுவர் ஒன்றுமே செய்யக் கூடாது என்றும் இல்லை. முழு முயற்சியோடு விளையாட வேண்டும் என்பது நடத்தை விதியிலேயே இருக்கிறது. மீறினால் முதல் தரம் எச்சரிக்கை, இரண்டாம் தரம் ஒரு பொயின்ற் போகும், மூன்றாம் தரம் ஒரு கேம் போகும். கிராண்ட் ஸ்லாம் என்கிற நாலு பெரிய போட்டிகளில் இந்தக் குற்றத்துக்கு 20,000 டொலர் வரை தண்டமும் உண்டு. 2016 ஷாங்காயில் இதே கிரியோஸ் மிஷா ஸ்வெரெவிடம் 48 நிமிடத்தில் தோற்றபோது, நடுவர் அலி நிலி இப்படி விளையாட முடியாது, இது தொழில்முறை ஆட்டம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு 16,500 டொலர் தண்டம், அதற்கு மேல் 25,000, எட்டு வாரத் தடை. உளவியலாளரிடம் போனால் தடை மூன்று வாரமாகக் குறையும் என்றார்கள்.

ஆனால் நடுவர் பிழையாக விளங்கிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு ரஷ்ய ஆட்டக்காரர் டவிடென்கோவைப் பாருங்கள். 2007, சென் பீற்றர்ஸ்பேர்க். உலகத் தரவரிசையில் நாலாம் இடம். சிலிச்சுக்கு எதிராக முதல் செற் 6–1. பிறகு 5–7, 1–6. மூன்றாவது செற்றில் நடுவர் முழு முயற்சி இல்லை என்று எச்சரித்தார், 2,000 டொலர் தண்டமும் விழுந்தது. அந்த வருஷம் ஓகஸ்டில் அவர் விளையாடிய ஒரு மாட்சின் பந்தயப் பணம் பற்றி விசாரணை நடந்துகொண்டிருந்த நேரம் அது, எல்லாரும் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். அடுத்த வாரம் பாரிஸில் டபிள் ஃபோல்ட் பத்துப் போட்டார். அங்கே இன்னொரு நடுவர் சேர்விஸை ஒழுங்காகப் போடச் சொன்னார். கடைசியில் அந்த 2,000 டொலர் தண்டத்தை ரத்துச் செய்தார்கள். 2008இல் விசாரணையிலும் அவர்மேல் குற்றமில்லை என்று முடிந்தது. இரண்டு நடுவர்களும் தங்கள் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள், உங்களைப் போலவே.

கதிரைக்காரன்

தம்பி, அது வழியவழியக் காசு புரளுகிற இடம். எங்களுடைய விதிப்புத்தகம் ஒரு ஏ4 தாள், அதிலும் பாதி யார் யார் தண்ணிப் போத்தல் கொண்டுவர வேண்டும் என்பது. ‘முதல் எச்சரிக்கை’ என்று நான் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அறிவித்தால் தாய் மேசையைத் தட்டிவிடுவா. வீட்டில் கதைக்கிற மாதிரி ஒரு சொல் சொன்னால் போதும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

ஏகாம்பரம்_கிரவுண்ட்

நான் உதைபந்தாட்ட மத்தியஸ்தம் பார்த்தவன். பதினெட்டு வருஷம். முழங்கால் போய் நிறுத்தினேன்.

வாயை மூடிக்கொண்டு புள்ளியைச் சொல்லுங்கோ. அதுதான் பதில்.

விளக்கம் வேண்டுமென்றால்: 1982 உலகக் கிண்ணம், ஸ்பெயினில் கிகோன் என்ற ஊர். மேற்கு ஜேர்மனியும் ஒஸ்ற்றியாவும். பத்தாவது நிமிடமளவில் ஜேர்மனி ஒரு கோல். 1–0 என்றால் இரண்டு பேருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. அல்ஜீரியா தன்னுடைய கடைசி மாட்சை முதல்நாளே விளையாடி முடித்துவிட்டது. பிறகு என்ன, மிச்சம் எண்பது நிமிடமும் இவர் அவருக்குப் பாஸ், அவர் இவருக்குப் பாஸ். சனம் கைலேஞ்சியை ஆட்டிக் காட்டியது. மத்தியஸ்தர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. செய்ய ஏலாது. மெதுவாகப் பாஸ் கொடுப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அதற்குப் பிறகு பிஃபா என்ன செய்தது தெரியுமோ? மத்தியஸ்தரைப் பார்த்து ஏன் ஏசவில்லை என்று கேட்கவில்லை. 1986இலிருந்து ஒரு குழுவின் கடைசி இரண்டு மாட்சையும் ஒரே நேரத்தில் வைத்தது. போட்டியை ஒழுங்காக அமைத்தால் பொடியள் ஒழுங்காக விளையாடுவான்கள். பதினொரு மணி வெயிலில் கச்சான் காற்றுக்குள் மூன்று செற் வைத்தது யார்? அந்த ஆளைப் பேசுங்கோ முதலில்.

நான் விசில் ஊதிய காலத்தில் வீரர்களுக்குச் சொன்ன அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: “லேஸைக் கட்டு.”

உவர்மலை_77

தலைப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒருக்கால் எங்கள் மாட்சுக்கு நடுவில் மான் ஒன்று கோர்ட்டுக்குள் வந்து பேஸ்லைனில் படுத்துவிட்டது. அதற்கும் முழு முயற்சி இல்லைதான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, நீங்கள் தொடருங்கள்.

இறகுப்பந்து

நான் பாடசாலையில் பூப்பந்தாட்டம் பழக்குகிறேன். மேலே உதைபந்தாட்ட ஐயா சொன்னதோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடுவர் சொல்லித்தான் ஆக வேண்டிய நேரம் உண்டு.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர். குழு ஆட்டத்தில் தோற்றால் அடுத்த சுற்றில் லேசான எதிராளி கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, சீனச் சோடி ஒன்றும் கொரியச் சோடி ஒன்றும் யார் முதலில் தோற்பது என்று போட்டி போட்டார்கள். சேர்விஸை வேண்டுமென்றே வலையில் அடித்தார்கள். சனம் கூவியது. அடுத்த ஆட்டத்தில் இன்னொரு கொரியச் சோடியும் இந்தோனேசியச் சோடியும் அதையே செய்தார்கள். பிரதான மத்தியஸ்தர் கோர்ட்டுக்குள் இறங்கி எச்சரித்தார், கறுப்பு அட்டை (ஆட்டத்திலிருந்து வெளியேற்றுகிற அட்டை) வரைக்கும் போனது. அடுத்த நாள் எட்டுப் பேரையும் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். அங்கே கேள்விக்கு இடமில்லை, தோற்பதற்காகவே விளையாடினார்கள். நடுவர் சும்மா இருந்திருந்தால் அதுதான் பிழை.

ஐயா சொன்ன மாதிரி, போட்டி அமைப்பும் பிழைதான். அதற்காக, அப்படி விளையாடியவர்கள் பிழையில்லை என்று ஆகாது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அந்த எட்டுப் பேரில் ஒருவரான இந்தோனேசியாவின் கிரேசியா பொலி, ஒன்பது வருஷம் கழித்து டோக்கியோவில் தங்கம் வென்றார். அதைப் பார்த்து நான் அழுதேன், என் பிள்ளைகள் சிரித்தார்கள்.

இப்போது உங்களுடைய விஷயம். ‘சொல்லலாமா’ என்று கேட்கிறீர்கள். நீங்கள் அந்தப் பிள்ளைக்கா சொன்னீர்கள்? பக்கம் மாறும்போது தண்ணி குடிக்க வருவான் அல்லவா, அப்போது குனிந்து, “தம்பி, ஏலுமோ? ஏதாவது சுகமில்லையோ?” என்று கேட்டிருந்தால் அது அவனுக்குச் சொன்னது. மேசைக்கு மேல் இருந்து சோறு தின்னப் போவம் என்றால் அது மரத்தடிக்குச் சொன்னது. நானும் இதைச் செய்திருக்கிறேன், அதனால்தான் தெரியும். வகுப்பில் ஒரு பிள்ளையை வைத்து மற்றப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பது போல லேசான வேலை உலகத்தில் இல்லை. உங்கள் மகளுக்குக் காரணம் தெரியும். உங்களுக்குச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

கதிரைக்காரன்

டீச்சர், இரண்டு நாளாக இதற்குப் பதில் எழுத வந்து வந்து திரும்பிப் போனேன். சரி, அந்த இடம் பிழைதான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. நேற்று அந்தப் பொடியன் எங்கள் கடைக்கு வந்தான். மாமனோடு முக்கால் அங்குலக் குழாய், இரண்டு எல்போ, ஒரு சொலூஷன் பேணி வாங்க வந்தவன் என்னைக் கண்டதும் கூரைத்தகடு இருக்கிற பக்கம் ஒதுங்கிப்போய் நின்றான். பில் எழுதிவிட்டு நானே போனேன். தம்பி, அண்டைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். அவன் குழாயின் வாயில் இருந்த பிசிரை நகத்தால் உரித்துக்கொண்டே நின்றான். கடைசியில் சொன்னான்:

“நான் அந்த செற்றை விட்டுட்டன் அங்கிள்.”

விளங்கவில்லை எனக்கு.

“0–4 வந்திட்டுது. அந்த வெயிலுக்குள்ள அதைப் பிடிக்கப் போனா மூண்டாவதுக்கு கால் வராது. அதுதான் விட்டுட்டு மூண்டாவதுக்கு வச்சிருந்தனான். அவனுக்கும் களைப்பு. வெண்டிருப்பன்.”

“பிறகேன் ஓடினனீங்கள்?”

“எல்லாரும் சிரிச்சாங்கள்.”

அவ்வளவுதான் கதைத்தான். மாமன் கூப்பிட்டார், குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். அவன் போட்டதும் ஒரு கணக்குத்தானே. முதல் செற்றில் எவ்வளவு செலவாயிற்று, கையில் மிச்சம் எவ்வளவு, எந்த இடத்தில் செலவழித்தால் வரவு என்று பார்த்து ஒரு செற்றைக் கைகழுவியிருக்கிறான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவன் ஓடவில்லை என்று நான் கண்டது கண்டதுதான், அதில் பிழை இல்லை. ஏன் ஓடவில்லை என்பதற்குத்தான் நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அந்தக் கதையை அவன் காதில் போட்டு, மிச்சம் வைத்திருந்த காலை இரண்டாவது செற்றிலேயே செலவழிக்கவும் வைத்துவிட்டேன். லஹ்யானி ஒருவரை வெல்ல வைத்தார் என்று இரண்டு போட்டிக்கு நிறுத்தினார்கள். நான் ஒருவனைத் தோற்க வைத்திருக்கிறேன், எனக்குக் கை கொடுத்தார்கள்.

பேஸ்லைன் தம்பி, ஒன்று கேட்கிறேன். ஒரு செற்றை இப்படி விடுவது விதிப்படி குற்றமா?

பேஸ்லைன்_திருமலை

எழுத்துப்படி பார்த்தால், ஒரு பந்தைக்கூட வேண்டுமென்றே விடக் கூடாது. நடப்பில், 0–4இல் இருக்கிற செற்றை விட்டுக் காலைச் சேமிப்பது பெரிய ஆட்டக்காரர்களும் செய்கிற வேலை. யாரும் ‘விட்டுவிட்டேன்’ என்று சொல்லமாட்டார்கள். கொஞ்சம் பலமாக அடித்துப் பார்ப்பார்கள், பந்து வெளியே போகும், தலையை ஆட்டிக்கொள்வார்கள். உங்கட பொடியனுக்கு அந்த நடிப்பு இன்னும் பழகவில்லை. பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி நின்றிருக்கிறான். அவனுடைய குற்றம் அதுதான்.

நடுவருக்கு இதை முயற்சியில்லாத ஆட்டத்திலிருந்து பிரித்தறிய வழி கிடையாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். காயத்தை மறைத்துக்கொண்டு விளையாடுகிறவனும் அப்படித்தான் தெரிவான். 2019 ரோலன் கரோஸில் (பிரெஞ்சு ஓப்பனில்) ஜோர்ஜியாவில் பிறந்த தத்திஷ்விலிக்கு அதுதான் நடந்தது. நீண்ட காயத்துக்குப் பிறகு வந்தவர், முதல் சுற்றில் 0–6, 1–6. போதிய தரத்தில் விளையாடவில்லை என்று பரிசுப்பணம் முழுவதையும் தண்டமாக எடுத்தார்கள். பிறகு முறையிட்டு, அந்தத் தண்டம் நீக்கப்பட்டது. அவ்வளவு அனுபவமுள்ள அதிகாரிகளே அப்படிப் பிசகினார்கள்.

ஏகாம்பரம்_கிரவுண்ட்

நான் முதலே சொன்னேன். லேஸைக் கட்டு.

பொடியன் கெட்டிக்காரன். உதைபந்துக்கு அனுப்புங்கோ.

இறகுப்பந்து

அவன் உங்களிடம் காரணத்தைச் சொன்னானே, அது பெரிய விஷயம். என்னிடம் ஒரு பிள்ளை இன்னும் சொல்லவில்லை, ஆறு வருஷமாகிறது.

கதிரைக்காரன்

அந்தப் பிள்ளையிடம் நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கோ டீச்சர். கடையில் ஆக்கள் இல்லாத நேரமாகப் பார்த்து.

அடுத்த மாதப் போட்டியைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். “பாப்பம்” என்று சொல்லியிருக்கிறார்கள். ஏ4 தாளில் ஒரு வரி சேர்க்கவும் சொன்னேன்: நடுவர் புள்ளி, பந்து, நேரம் பற்றி மட்டுமே கதைக்க வேண்டும், சுகவீனமோ என்று கேட்பதானால் பக்கம் மாறும்போது கிட்டப்போய்க் கேட்க வேண்டும். வேண்டுமென்றே தோற்கிறவனை என்ன செய்வது என்று டீச்சர் கேட்பீர்கள். எங்களிடம் தோற்றால் லாபம் வருகிற மாதிரி ஒரு போட்டியும் கிடையாது, வென்றாலே ஒரு மைலோ பக்கெற்தான்.

மகளிடம் முழுக் கதையையும் சொன்னேன். “எனக்குத் தெரியும் அப்பா” என்றாள். அவன் செற்றை விட்டது அவளுக்குப் பந்து பொறுக்கும்போதே தெரியுமாம். எப்படி என்றேன். பக்கம் மாறும்போது தண்ணியைக் குடித்து முடிக்காமல், அரைப் போத்தலைத் துவாயில் சுற்றி நிழலுக்குள் வைத்தானாம்.

நான் மேலே இருந்தேன். அது எனக்குத் தெரியவில்லை.

நேற்று அவன் குழாயோடு கடை வாசலுக்குப் போனவன் ஒருக்கால் திரும்பி, “அடுத்த மாதமும் நீங்களோ அங்கிள் மேல?” என்று கேட்டான்.

ஓம் என்றேன்.

“ஆ” என்றான்.